பிறர் கண்ணால் பார்க்க முடியாது: 1670-இன் ஜூரர் வழக்கு

லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்குள் ஒரு கல்வெட்டு பதிக்கப்பட்டிருக்கிறது. 1670-இல் அந்த இடத்துக்கு அருகே வில்லியம் பென், வில்லியம் மீட் என்னும் இருவர் விசாரிக்கப்பட்டதையும், அவர்களுக்கு எதிராக முடிவு சொல்ல மறுத்த ஜூரர்கள் (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல அழைக்கப்படும் பொதுமக்கள்; அவர்களின் குழுவே ஜூரி) இரண்டு இரவுகள் உணவின்றி அடைத்து வைக்கப்பட்டு, பின்னர் அபராதமும் விதிக்கப்பட்டதையும் அது சொல்கிறது. தலைமை நீதிபதி வாகன் அறிவித்த தீர்ப்பால், ஜூரிகள் தமக்குச் சரியென்று பட்டதையே முடிவாகச் சொல்லும் உரிமை நிலைபெற்றது என்று அந்த வாசகம் முடிகிறது. இங்கிலாந்தின் சட்ட வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்த வழக்கை மனசாட்சியின் வெற்றியாகவே சொல்லிவருகிறார்கள். நான் சட்டம் பயின்றவன் அல்லன். பழைய வழக்கு அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவே. அந்தப் பழக்கத்தில் வாகனின் தீர்ப்பைப் படித்தபோது, அது மனசாட்சியைக் காட்டிலும் அறிவைப் பற்றியே, அதாவது ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கும் தெரிந்திருக்க முடியுமா என்பதைப் பற்றியே பேசுவதாக எனக்குப் பட்டது. கல்வெட்டில் இருப்பதைவிட அந்தத் தீர்ப்பு குளிர்ந்தது. என் கருத்தில், அதைவிட வலுவானதும்கூட.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் சார்லஸ் மன்னரின் காலத்தில், இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி அல்லாத வழிபாட்டுக்கு ஒரு வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற சட்டம் 1670-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. க்வேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர் அதற்குப் பணியவில்லை. லண்டனின் கிரேஸ்சர்ச் தெருவில் இருந்த அவர்களுடைய கூடத்தை அதிகாரிகள் பூட்டிக் காவல் வைத்தபோது, ஆகஸ்ட் 14 ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தெருவிலேயே கூடினார்கள். கடற்படைத் தளபதி ஒருவரின் மகனான, இருபத்தைந்து வயது வில்லியம் பென் அங்கே பேசினார். பிற்காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியவர் இவர்தான். அவருடன் கைதானவர் மீட் என்னும் துணி வணிகர். வழிபாட்டுத் தடைச் சட்டத்தின்கீழ் அவர்கள்மீது வழக்குத் தொடுத்திருந்தால் அபராதத்தோடு முடிந்திருக்கும். அரசுத் தரப்போ, சட்டவிரோதமாகவும் கலகமாகவும் கூட்டம் கூட்டி அமைதியைக் குலைத்தார்கள் என்று, பழைய வழக்குத் தீர்ப்புகளிலிருந்து உருவான பொதுச்சட்டத்தின்கீழ் பெரிய குற்றச்சாட்டாக அதை எழுதியது. வழக்கு ஜூரியின் முன்னால் வந்தது அதனால்தான்.

நீதிமன்ற மேடையில் லண்டன் மேயர் சாமுவேல் ஸ்டார்லிங்கும், நகரின் சட்ட அதிகாரியான ரெக்கார்டர் ஹோவலும், ஆல்டர்மன்கள் எனப்படும் நகரப் பெரியவர்கள் சிலரும் அமர்ந்திருந்தார்கள். 1666-இல் லண்டன் பற்றி எரிந்தபோது மேயராக இருந்து, தொடக்கத்தில் தீயை அலட்சியப்படுத்தியதற்காக ஊர்வாயில் விழுந்த தாமஸ் பிளட்வர்த்தும் அவர்களில் ஒருவர். விசாரணை தொடங்கியதே ஒரு தொப்பிச் சண்டையில்தான். பென்னும் மீட்டும் உள்ளே வரும்போதே காவலர் ஒருவர் அவர்களுடைய தொப்பிகளைக் கழற்றிவிட்டார். அவற்றை மறுபடியும் அணிவிக்கும்படி மேடையிலிருந்து உத்தரவு வந்தது. அணிந்தவுடன், மன்னரின் நீதிமன்றத்தில் தொப்பியோடு நிற்பது அவமதிப்பு என்று ஆளுக்கு நாற்பது மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. யாருக்கும் தொப்பி கழற்றுவதில்லை என்பது க்வேக்கர்களின் கொள்கை என்று தெரிந்தே செய்த வேலை இது. கழற்றிய தொப்பியை அணியச் சொன்னது நீதிமன்றம்தானே, அபராதம் கட்ட வேண்டியது நீதிமன்றம் அல்லவா என்று பென் திருப்பிக் கேட்டார்.

இந்த விவரங்களெல்லாம் அதே ஆண்டு பென்னின் தரப்பு அச்சிட்ட விசாரணைக் குறிப்பிலிருந்து வருபவை என்பதையும் சொல்ல வேண்டும். மேயர் ஸ்டார்லிங் அதற்கு மறுப்பு எழுதினார். பென் தரப்பு அந்த மறுப்புக்கும் பதில் எழுதியது. ஆகவே நம் கையில் இருப்பது ஒரு கட்சிக்காரரின் பதிவு. பென் பேசும் இடங்களிலெல்லாம் அவர் வாய்க்கு வாய் வெல்வதைப் படிக்கும்போது, பேனா யார் கையில் இருந்தது என்ற நினைவு எனக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் ஜூரர்கள் அடைக்கப்பட்டதும் அவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டதும் யாரும் மறுக்காத செய்திகள்.

சாட்சிகள் சொன்னது மிகக் குறைவு. பென் கூட்டத்தினரிடம் பேசியதைக் கண்டோம், இரைச்சலில் என்ன பேசினார் என்பது காதில் விழவில்லை என்றார்கள். மீட்டைப் பற்றி அதுகூடத் திடமாக வரவில்லை. எந்தச் சட்டத்தின்கீழ் இந்தக் குற்றச்சாட்டு என்று பென் கேட்டார். பொதுச்சட்டம் என்றார் ரெக்கார்டர். அது எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார் பென். இத்தனை ஆண்டு வழக்குகளையும் உனக்காக எடுத்து அடுக்க முடியுமா என்று ரெக்கார்டர் சீற, பொதுவான சட்டம் என்றால் அதைக் காட்டுவது இவ்வளவு கடினமாக இருக்கக் கூடாதே என்றார் பென். இருவரும் மன்றத்தின் மூலையில் பள்ளமாக இருந்த அடைப்புக்குள் தள்ளப்பட்டார்கள். அவர்கள் அங்கே இருக்கும்போதே ரெக்கார்டர் ஜூரிக்கு வழக்கைத் தொகுத்துச் சொன்னார். கைதிகள் இல்லாமல் ஜூரியிடம் பேசுவது முறையல்ல என்று பென் உள்ளிருந்தே கத்தியதாகப் பதிவு கூறுகிறது.

ஜூரர்கள் கலந்து பேசப் போனார்கள். எட்டுப் பேர் ஒரு பக்கம் சாய, நால்வர் இணங்கவில்லை. அந்த நால்வரில் எட்வர்ட் புஷெல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மேடைக்குத் தோன்றிவிட்டது. அவரைப் பெயர் சொல்லி வைதார்கள். மூக்கை அறுப்பேன் என்றுகூட மேயர் ஒரு கட்டத்தில் மிரட்டினார். பிறகு ஜூரி ஒரு முடிவோடு வந்தது: பென் கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றத்தைச் செய்தார். அவ்வளவுதானா, சட்டவிரோதக் கூட்டத்தில் என்று சேர்க்கவில்லையா என்று கேட்டபோது, அவ்வளவுதான் என்றது பதில். திரும்பப் போகச் சொன்னார்கள். கூட்டத்தினரிடையே பேசியது அல்லது போதித்தது மட்டுமே பென் செய்தது, மீட் குற்றவாளி அல்லர் என்று பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள்.

இந்த முடிவில் எனக்குப் பிடித்தது அதன் கஞ்சத்தனம். சாட்சிகள் கண்டதாகச் சொன்னது பென் பேசியதை மட்டும். ஜூரியும் அதை மட்டுமே கொடுத்தது. தெருவில் பேசுவது குற்றமா இல்லையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல நின்றார்கள்.

நீதிமன்றம் ஏற்கும் முடிவு வரும்வரை உங்களுக்கு உணவில்லை, நீரில்லை, நெருப்பில்லை, புகையிலையில்லை என்றார் ரெக்கார்டர். முடிவைத் தராவிட்டால் பட்டினி கிடந்து சாவீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். ஸ்பெயின் நாட்டார் தம் மண்ணில் மத விசாரணை மன்றத்தை அனுமதித்ததன் மதிநுட்பம் இன்றுதான் எனக்கு விளங்குகிறது என்று அவர் சொன்னதாகவும் பதிவில் இருக்கிறது. 'நீங்கள் இங்கிலாந்துக்காரர்கள், உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்' என்று பென் குரல் கொடுக்க, ஒருபோதும் விடமாட்டோம் என்று ஜூரியிலிருந்து பதில் வந்தது. சனிக்கிழமை இரவும் ஞாயிறு இரவும் அப்படியே கழிந்தன. செப்டம்பர் 5 திங்கட்கிழமை காலையில், பாதி முடிவுகளை எல்லாம் விட்டுவிட்டு, இருவரும் குற்றவாளிகள் அல்லர் என்று ஜூரி ஒருமுகமாகச் சொன்னது. இரண்டு இரவுப் பட்டினி ஜூரியை வளைக்கவில்லை. முன்பு கொடுத்த அந்தச் சிறு துண்டையும் திரும்பப் பிடுங்க வைத்தது. 'என் உயிர் உங்கள் கையில் சிக்காமல் கடவுள் காப்பாற்றட்டும்' என்று சொல்லிவிட்டு, ரெக்கார்டர் ஆளுக்கு நாற்பது மார்க் அபராதம் விதித்தார். ஒரு மார்க் என்பது பவுனில் மூன்றில் இரண்டு பங்கு. நாற்பது மார்க் ஏறத்தாழ 26 பவுன் 13 ஷில்லிங். கட்டும்வரை நியூகேட் சிறை. விடுதலையான பென்னும் மீட்டும்கூடத் தொப்பி அபராதத்துக்காக அதே சிறைக்குப் போனார்கள். பென்னின் தந்தை அப்போது மரணப் படுக்கையில் இருந்தார். யாரோ பணம் கட்டிவிட, பென் வெளியே வந்தார். செப்டம்பர் 16-இல் தந்தை இறந்தார்.

ரெக்கார்டரை வெறும் கொடுங்கோலனாகப் பார்த்துவிட்டுக் கடந்து போகக் கூடாது. அவர் செய்தது அந்தக் காலத்தில் புதுமையல்ல. 1554-இல், மேரி அரசியின் ஆட்சியில், ராஜத்துரோக வழக்கில் நிக்கொலஸ் த்ரோக்மார்ட்டனை விடுவித்த ஜூரர்கள் சிறையிடப்பட்டுக் கடுமையான அபராதங்களுக்கு ஆளானார்கள். ஸ்டார் சேம்பர் என்ற மன்றம் 1641-இல் ஒழியும்வரை இந்த வேலையைச் செய்துவந்தது. அது ஒழிந்த பிறகு, அதே அதிகாரம் தமக்கு உண்டென்று சில நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள். தலைமை நீதிபதி கீலிங் இப்படி அபராதம் விதித்ததை 1667-இல் நாடாளுமன்றத்தின் கீழவை கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆனால் தீர்மானம் சட்டமாகவில்லை. ஆக, 1670-இல் இந்தக் கேள்வி திறந்தே கிடந்தது.

புஷெலும் வேறு மூவரும் பணம் கட்ட மறுத்து, காமன் ப்ளீஸ் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். சிறை அதிகாரிகள் தந்த பதிலில் இரண்டு காரணங்கள் இருந்தன: முழுமையான, வெளிப்படையான சாட்சியத்துக்கு எதிராக முடிவு சொன்னார்கள், சட்ட விஷயத்தில் நீதிமன்றம் காட்டிய வழிக்கு எதிராகவும் முடிவு சொன்னார்கள். இவ்விரண்டையும் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் வாகன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார்.

முதல் காரணத்துக்கு அவர் கேட்ட கேள்வி எளியது. சாட்சியம் முழுமையானது என்கிறீர்களே, அந்தச் சாட்சியம் எது? பதிலில் அது எழுதப்படவில்லை. எழுதப்படாததை வைத்து இந்த மன்றம் எப்படித் தீர்மானிக்கும்? அடுத்து, அதே சாட்சியத்தைக் கேட்ட இருவர் நேர்மையாகவே வெவ்வேறு முடிவுக்கு வரலாம். சட்ட மாணவர்களும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் ஒரே வழக்கிலிருந்து எதிரெதிர் முடிவுகளை எடுப்பது நாள்தோறும் நடப்பதுதானே, அதற்காக அவர்களில் ஒருவரைச் சிறையில் போடுகிறோமா என்று கேட்டார். ஒருவர் மற்றொருவருடைய கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ முடியாது. அதுபோலவே மற்றொருவருடைய அறிவால் முடிவுக்கு வரவும் முடியாது என்பது அவருடைய வாக்கியம். தனக்கு உண்மையென்று பட்டதைச் சொல்வதாக ஜூரர் சத்தியம் செய்திருக்கிறார். நீதிபதிக்குப் பட்டதைச் சொன்னால் அது பொய்ச் சத்தியம் ஆகிவிடும்.

இதற்கும் மேலே ஒரு படி போனார் வாகன். ஜூரர்கள் குற்றம் நடந்த வட்டாரத்திலிருந்து அழைக்கப்படுகிறார்கள். ஏன்? அக்கம்பக்கத்தாருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. மன்றத்தில் எந்தச் சாட்சியும் வராவிட்டாலும், தமக்குத் தெரிந்ததை வைத்தே அவர்கள் முடிவு சொல்லலாம். கூண்டில் ஏறிய சாட்சி ஊரறிந்த பொய்யர் என்பது ஜூரருக்குத் தெரிந்திருக்கலாம். லண்டனிலிருந்தோ வேறெங்கிருந்தோ வந்த நீதிபதிக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே, நீதிபதி கேட்ட சாட்சியம் ஜூரிக்கு எட்டிய சாட்சியத்தின் ஒரு பகுதி மட்டுமே. பகுதியை மட்டும் அறிந்தவர், முழுவதையும் அறிந்தவரைத் தவறு செய்தாய் என்று எப்படித் தண்டிப்பார்?

இரண்டாவது காரணத்தை அவர் முடித்த விதம் இன்னும் அழகானது. எது நடந்தது என்று தெரியாமல் அதற்குரிய சட்டம் எதுவென்று சொல்ல முடியாது. எது நடந்தது என்று சொல்வது ஜூரியின் வேலை. எனவே நீதிபதி, இன்னது நடந்ததாக நீங்கள் கண்டால் சட்டம் இன்னது என்று நிபந்தனையோடு சொல்லலாமே தவிர, முடிவே வராத நிலையில் 'சட்டப்படி இவர் குற்றவாளி, அப்படியே சொல்லுங்கள்' என்று ஆணையிட இடமில்லை. நடந்ததையும் நீதிபதியே தீர்மானித்து அதைத் திருப்பிச் சொல்ல மட்டும் ஜூரி என்றால், அது செலவும் தாமதமும் தவிர வேறெதற்கும் பயன்படாத ஏற்பாடு என்றார். நவம்பரில் நால்வரும் விடுவிக்கப்பட்டார்கள்.

இந்தத் தீர்ப்பில் வீரவணக்கம் கிடையாது. க்வேக்கர்களின் வழிபாட்டு உரிமையைப் பற்றியோ, அநியாயமான சட்டத்தை ஜூரி ஒதுக்கிவைக்கலாம் என்றோ வாகன் எழுதவில்லை. ஜூரர்களுடைய பட்டினிக்காக அவர் உருகவும் இல்லை. ஜூரர் லஞ்சம் வாங்கினாலோ, கலந்து பேசும்போது திருட்டுத்தனமாகத் தின்றாலோ, அந்த நடத்தைக்காக அபராதம் விதிக்கலாம் என்பது அவருக்கும் உடன்பாடுதான். முடிவுக்காகத் தண்டிக்கக் கூடாது என்பது மட்டுமே அவர் வரைந்த கோடு. ஜூரர்கள் தம் சொந்தச் செலவில் சாப்பிடவும் குளிர்காயவும் சட்டம் அனுமதித்தது 1870-இல்தான். அதாவது புஷெல் பசித்திருந்து சரியாக இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு.

நால்வரில் ஒருவரான ஹாமண்ட், தன்னைச் சட்டவிரோதமாகச் சிறையிட்டதற்காக ரெக்கார்டர் ஹோவல்மீது பின்னர் வழக்குத் தொடுத்தார். தோற்றார். நீதிபதி தம் பதவிக்குரிய செயலில் தவறினாலும் அதற்காக அவர்மீது வழக்குப் போட முடியாது என்றது நீதிமன்றம். முடிவுக்காக ஜூரரையும் கேட்க முடியாது, தவறான தண்டனைக்காக நீதிபதியையும் கேட்க முடியாது. ஒரே சண்டையிலிருந்து இரு தரப்பாரும் ஆளுக்கொரு கவசத்தோடு வெளியேறினார்கள். புஷெலைக் கொண்டாடுவோர் இந்தப் பின்கதையைச் சொல்வது அரிது.

பிறகு நடந்ததுதான் எனக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது. வாகன் எந்தத் தூணின்மேல் தம் வாதத்தை நிறுத்தினாரோ, அந்தத் தூண் காலப்போக்கில் அகற்றப்பட்டுவிட்டது. இன்றைய இங்கிலாந்தில் ஜூரர் தமக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது. மன்றத்தில் வந்த சாட்சியம் மட்டுமே கணக்கு. வழக்கைப் பற்றி இணையத்தில் தேடிப் பார்ப்பதை 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவே ஆக்கிவிட்டது. வாகனின் ஜூரருக்கு நீதிபதியைவிட அதிகம் தெரியும். இன்றைய ஜூரருக்கு நீதிபதியைவிடக் குறைவாகவே தெரியும், ஏனெனில் சாட்சியத்தில் எதை ஏற்பது, எதை விலக்குவது என்ற வாதமே அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் நடக்கிறது. ஆனாலும் விதி அசையவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் குற்றவாளி என்று முடிவு சொல்லும்படி நீதிபதி ஜூரிக்கு ஆணையிட முடியாது என்று, அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2005-இல் மறுபடியும் சொன்னது.

காரணம் போய்விட்டு விதி மட்டும் நின்றதால்தான், அந்த வெற்றிடத்தை மனசாட்சி வந்து நிரப்பியது என்று நினைக்கிறேன். 1985-இல் கிளைவ் பான்டிங் என்ற பாதுகாப்பு அமைச்சக அதிகாரி, ஃபாக்லாந்துப் போரில் மூழ்கடிக்கப்பட்ட பெல்கிரானோ கப்பல் தொடர்பான ஆவணங்களை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பியதற்காக ஓல்ட் பெய்லியில் விசாரிக்கப்பட்டார். அனுப்பியதை அவர் மறுக்கவில்லை. அரசின் நலன் என்பது ஆட்சியிலிருக்கும் அரசாங்கம் எதை நலன் என்கிறதோ அதுவே என்ற பொருளில் நீதிபதி ஜூரிக்கு வழிகாட்டினார். ஜூரி அவரை விடுவித்தது. காரணம் கேட்கப்படவில்லை, கேட்கவும் முடியாது. 2023 மார்ச் மாதம் லண்டனில் சுற்றுச்சூழல் போராட்டக்காரர்களின் வழக்கு நடந்த நீதிமன்றத்தின் வெளியே, மனசாட்சிப்படி விடுவிக்க ஜூரர்களுக்கு முழு உரிமை உண்டு என்று எழுதிய அட்டையை ஏந்தி ஒரு பெண்மணி நின்றார். அவர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்க அரசுத் தரப்பு முயன்றபோது, உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதற்கு அனுமதி மறுத்தது. ஜூரிக்கு அந்த ஆற்றல் இருப்பது நிலைபெற்ற சட்டம் என்பதே அங்கும் அடிப்படை. அட்டையில் இருந்தது ஏறக்குறைய கல்வெட்டின் குரல்தான்.

மனசாட்சியைப் போற்றும் இந்தக் கதையை முழு மனத்தோடு ஏற்க முடியாதபடி என்னைத் தடுப்பது இலங்கை. ஆங்கிலேய ஜூரி முறையை 1811-இல் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் அங்கே கொண்டுசென்றார். இந்தியா அதைக் கைவிட்டுவிட்டது. இலங்கை உயர் நீதிமன்ற விசாரணைகள் சிலவற்றில் ஏழு பேர் கொண்ட ஜூரி இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், கடற்படையினர் உள்ளிட்டோரை 2016 டிசம்பரில் சிங்கள ஜூரி விடுவித்தது. அதே ஆண்டு ஜூலையில், 1996 பெப்ரவரியில் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரை அனுராதபுரத்தில் ஜூரி விடுவித்தது. இந்த ஜூரர்களையும் யாரும் காரணம் கேட்க முடியாது. புஷெலைக் காத்த அதே விதிதான் அவர்களையும் காக்கிறது. அது நல்ல முடிவு, கெட்ட முடிவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

அதற்காக ஜூரரைத் தண்டிக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அந்த அதிகாரம் இருந்த காலத்தில் அது யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்பதை மேலே பார்த்தோம். நான் வாகனின் மறக்கப்பட்ட அந்த வாதத்துக்கே திரும்புகிறேன். ஜூரரின் முடிவை ஏன் மதிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் தந்த முதல் விடை, அவர் நல்லவர் என்பதல்ல. அவர் அந்த வட்டாரத்துக்காரர், அங்கே நடந்ததும் அங்கே பேசுகிறவர்களும் அவருக்குத் தெரியும் என்பதுதான். குமாரபுரம் கிழக்கு மாகாணத்தில், மூதூர்ப் பகுதியில் இருக்கிறது. வழக்கு அங்கிருந்து மாற்றப்பட்டு, வடமத்திய மாகாணத்து அனுராதபுரத்தில் விசாரிக்கப்பட்டது. உறவினரை இழந்து உயிர் தப்பிய சாட்சிகள் அங்கே பயணம் செய்து போய், தம் ஊரையோ தம்மையோ அறியாத ஏழு பேரின் முன்னால் நின்று சாட்சி சொன்னார்கள். வாகன் 1670-இல் ஜூரருக்கு இருக்கும் என்று எதிர்பார்த்த அறிவில் எந்தப் பகுதி அந்த ஏழு பேருக்கு இருந்திருக்கும் என்று கேட்டால், எனக்கு எதுவும் தென்படவில்லை.